பெண் பார்க்க வந்தவர்கள் முன் ஒரு நைஸ் கல்

அந்தக் கல் உள்ளங்கை அளவுதான் இருக்கும். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக, ஊடே இரண்டொரு சிவப்புப் புள்ளிகளோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் என் நாத்தனார் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் போய் உட்கார்ந்தாள். பூ வைத்துவிட்டது நான், காபித் தட்டைக் கொடுத்தது என் மாமியார். கல் மட்டும் அவளாக எடுத்துக்கொண்டது.

எண்பதுகளின் நடுவில், இராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மதுரையில் தங்கி ஜியாலஜி முடித்திருந்தவளுக்கு மேல்படிப்புக்குச் சென்னையில் இடம் கிடைத்திருந்தது. வத்திராயிருப்பு வரன் தட்டிப்போனால் சென்னைக்குப் போகலாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். "பேசியே வெரட்டிருதேன், பாருங்க மதினி" என்றாள் என்னிடம். வாயாடிப் பெண்ணை எங்கள் பக்கம் யாரும் எடுக்கமாட்டார்கள். எனக்கும் நம்பிக்கை இருந்தது.

"என்னம்மா படிச்சிருக்க?" என்று பையனின் அப்பா கேட்டதுதான் தாமதம், கல்லை நீட்டினாள். இதற்கு நைஸ் என்று பேர். ஆதியில் கிரானைட்டாக இருந்து, பூமிக்குள் வெகு ஆழத்தில் அகப்பட்டுக்கொண்டது என்று ஆரம்பித்தாள். மேலே மலையின் கனம், சுற்றிலும் சூடு, நகர இடமில்லை. ஆனாலும் உருகிவிடாது. கெட்டியாக இருந்தபடியே உள்ளுக்குள் எல்லாம் இடம் மாறும். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் வெள்ளைப் பட்டையாக ஒதுங்கும், கறுப்பு அப்பிரகம் தனியாகப் படியும். சிவப்பு, அந்த அழுத்தத்தில் பிறந்த கார்னெட். கேட்கக் கேட்க எனக்கு மூச்சு முட்டியது. நான் வாழ வந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தில் ஒரு பெண் அவ்வளவு நேரம் பேசிக் கேட்டதில்லை. மாமியார் கண்ணாலேயே அடக்கப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

பையனின் அப்பா கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம தோட்டத்துக் கிணத்துலயும் இந்தக் கல்லுதான் குறுக்க நிக்குது. எம்புட்டு வெடி வச்சும் தண்ணி இல்ல. எங்கன தோண்டணும்னு சொல்லுவியாம்மா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் அவளுக்கு வரவில்லை. "வெடிப்பு ஓடுற பக்கந்தான் தண்ணி இருக்கும், மாமா. பாறையப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"அப்ப வந்து பாரு" என்று சிரித்தவர், அன்றைக்கே பூ வைத்துவிடலாம் என்றார். மாமனாருக்கு வாயெல்லாம் பல்.

உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பிக்கத்தான மதினி அம்புட்டும் பேசுனேன்."

இப்போதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போய்வருகிறேன். தோட்டத்துக் கிணறு நிரம்பிக் கிடக்கிறது. மருமகள் காட்டிய இடம் என்று ஊரே மெச்சுகிறது. எனக்கு அதை எட்டிப் பார்க்கவே பிடிப்பதில்லை.