தொட்டியில் மிதந்த பொரி

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர். எனக்கு அடுத்த வீடு. நெடுநெடுவென்று உயரம். கண்ணாடித் தொட்டியில் ஒரு கெளுத்தி வளர்த்தார். தென்னமெரிக்க ஆற்று மீனாம். தூத்துக்குடிக்கு வந்த கப்பல்காரர் ஒருவர் கொடுத்தது. ஓடு வேய்ந்த கூரை மாதிரி உடம்பெல்லாம் தகடு. காலடிச் சத்தத்துக்கு அது மிரளும் என்று, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போவார்.

ஒருமுறை உவரிக்குப் போகையில் மீனை என்னிடம் ஒப்படைத்தார்.

"அடித்தரையில மேயுத மீனு, பிள்ளைவாள். தெனம் ரெண்டு மண்புழு நறுக்கிப் போடும். அது அப்பப்ப மேல வந்து மூச்செடுக்கும்."

நான் சைவம். புழுவைத் தொடக் கை கூசியது. பாபநாசம் ஆற்றில் மீனுக்குப் பொரி போடுவோமே, அப்படிப் போட்டேன். அது சீண்டவில்லை. இன்னும் அள்ளிப் போட்டேன். நாலாம் நாள் பொரி ஊறிப் புளித்துத் தண்ணீரை மூடிக் கிடந்தது. அடியில் மீன் செத்துக் கிடந்தது.

திரும்பி வந்தவர் கேட்டார்: "புழு போட்டீரா?"

"போட்டேன், சார்வாள்."

அவர் பொரியைக் கையால் வழித்து ஒதுக்கினார்.

"உம்மகிட்டப் போயி புழுவ நறுக்கச் சொன்னேன் பாரும். தப்பு எம்மேலதான்வே."

மீனை உள்ளங்கையில் ஏந்தி, செருப்பு மாட்டாமலே வெளியே போனார்.

என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.