வியட்நாம்காரர்கள் எங்கள் முச்சந்தியில் வைத்த கஞ்சி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் ஓட்டிவிட்டேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்தவன். காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அம்மன் படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்ட பிறகுதான் சைக்கிளை எடுப்பேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயத்தை எழுதி ஏதாவது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் ஒரு பக்கம். தெருக்காரர்கள் படித்துவிட்டு மனசு வருத்தப்படுவார்களோ என்கிற தயக்கம் இன்னொரு பக்கம். கடைசியில் என் வீட்டுக்காரிதான், "எழுதறதுன்னா எழுதுங்க, இல்லன்னா அந்தப் பேனாவ யார்கிட்டயாவது குடுத்துடுங்க. பாக்கெட்ல வச்சிகினு சுத்தி சட்டைதான் கறையாவுது" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

சுனாமி வந்துபோய் ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். இலங்கையிலிருந்து வந்தவர்களின் அகதி முகாம் எங்கள் ஊரில் ரொம்ப காலமாக இருக்கிறது. அங்கிருந்து நடந்து வருகிற தூரத்தில்தான் எங்கள் தெரு. மூன்று தெருவும் கூடுகிற மூலையில் எங்கள் வீடு. மாடியில் ஒரு பெரிய கூடம் கட்டி, கம்பெனியில் வேலை செய்கிற வெளியூர்ப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அவர்கள் காலி செய்துகொண்டு போன சமயத்தில், மாடியைப் பார்க்க வேண்டும் என்று மூன்று பேர் வந்து நின்றார்கள். நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள். கூட ஒரு பையனும் ஒரு பெண்ணும். மூவரும் வியட்நாம்காரர்கள்.

அவர்கள் நாட்டில் சண்டை முடிந்த காலத்தில் படகேறித் தப்பித்து, வேறு தேசங்களில் அகதியாகப் போய்ச் சேர்ந்தவர்கள் நிறையப் பேராம். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து நடத்துகிற தொண்டுக் குழு அது. சம்பளம் கிடையாது. அவரவர் வேலைக்கு லீவு போட்டு, சொந்தக் காசில் விமானம் ஏறி வந்து, சில மாதம் இருந்துவிட்டுப் போவார்கள். பிறகு வேறு ஆள் வரும். அந்த அம்மாள் மட்டும் நிலையாக இருந்தார். முகாம் பிள்ளைகளுக்கும், படிப்பை விட்டுவிட்டுச் சும்மா சுற்றுகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கரண்டு மிஷினில் துணி தைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம்.

முகாமுக்குள் வெளிநாட்டுக்காரர்கள் வகுப்பு நடத்த அனுமதி கிடைக்கவில்லை. வெளியே இடம் கேட்டால், முகாம் பிள்ளைகள் என்றதுமே எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் மாடியும் இல்லையென்றால் திட்டத்தையே விட்டுவிடுகிற நிலைமை. நான் யோசிக்கிறேன் என்றேன். என் வீட்டுக்காரி யோசிக்கவில்லை. முன்னே இருந்த பையன்கள் படிக்கட்டில் வெற்றிலைபாக்கு எச்சில் துப்பி வைத்ததைக் கழுவியவள் அவள்தான். வியட்நாம் அம்மாள் மாடியைப் பார்க்க வந்தபோதே செருப்பைக் கீழே கழற்றிவிட்டுப் படியேறினார். அதைப் பார்த்ததுமே இவள் சாவியை எடுத்துக்கொடுத்துவிட்டாள்.

வகுப்பு களைகட்டிவிட்டது. காலையிலிருந்து மிஷின் சத்தம் தலைக்கு மேல் வண்டு மாதிரி ரீங்கரிக்கும். பிள்ளைகள் முதலில் தைத்தது தலையணை உறை. தைத்ததையெல்லாம் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அத்தனை தலையணை ஏது? ஒருத்தர் அதில் வெங்காயம் போட்டுக் கட்டித் தொங்கவிட்டார். பிறகு என் வீட்டுக்காரி ஜாக்கெட் துணி கொடுத்தாள். இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். இன்றைக்கும் பெட்டியில் இருக்கிறது, விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவாள்.

முகாமிலிருந்து வந்தவர்களில் ஒரு பெண், ப்ளஸ் டூ முடித்தவள். மேலே படிக்க வழியில்லை. வியட்நாம் அம்மாளின் இங்கிலீஷைத் தமிழில் சொல்வது அவள்தான். அந்த அம்மாள் தமிழ் கற்றுக்கொண்டதும் அவளிடம்தான். அதனால் வியட்நாம் அம்மாள் பேசினால் அச்சு அசல் இலங்கைத் தமிழாக இருக்கும். மார்க்கெட்டில் கீரைக்காரி, இவர் முகாம்காரர் என்றே நினைத்துக்கொண்டு, எந்தப் படகில் வந்தீங்க என்று கேட்டாளாம். அது வேற படகு என்று இவர் சொன்னாராம்.

நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாக வந்த துணி கம்பெனிக்காரர்கள் ஒருநாள் வந்து பார்த்தார்கள். வகுப்பை முழுசாக முடித்தவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து அந்த முகாம் பெண் ஒருநாள் தவறினதில்லை. முடிக்க இன்னும் சில மாதம்தான் பாக்கி.

அப்போதுதான் ஆடி வந்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினோம். கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். விழாக் குழுவில் நானும் ஒருத்தன். தலைவர் எங்கள் தெருக்கோடி மளிகைக் கடைக்காரர். அவர் இருந்தால் வரிசை வரிசையாகத்தான் நிற்க வேண்டும், தூக்குச் சட்டி மூடியைக்கூட அவர் சொன்னால்தான் திறக்கலாம். வியட்நாம்காரர்கள் மூவரும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். கருவாட்டுக் குழம்பைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்தது போல முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்து வந்த பௌர்ணமியன்று நான் ஷிப்டு முடிந்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருகிறேன், எங்கள் வீட்டு முன்னால் ஒரே கூட்டம். கேட்டுக்கு வெளியே, சரியாக முச்சந்தியில் ஒரு முக்காலி. அதன்மேல் பூவரசு இலைகளில் துளித்துளியாக அரிசிக் கஞ்சி. பொரி, மிட்டாய், கட்டுக் கட்டாக ஊதுபத்தி. வியட்நாம் அம்மாள் உப்பையும் அரிசியையும் நாலு திசையிலும் இறைத்துவிட்டுக் கும்பிடுகிறார். உடனே அவரோடு இருந்த வியட்நாம் பையனும் பெண்ணும் கையைத் தட்டி, தெருப் பசங்களைப் பார்த்து, வாங்க வாங்க, எடுங்க எடுங்க என்கிறார்கள். பசங்கள் விழுந்து புரண்டு பிடுங்குகிறார்கள். தாய்மார்கள் அலறிக்கொண்டு ஓடிவந்து பிள்ளைகளை இழுத்து வாயைக் கழுவிவிடுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் முச்சந்தியில் சோறும் உப்பும் வைத்தால் அது கழிப்பு. யாரையோ பிடித்ததை இறக்கிவிட்டது என்று அர்த்தம். அதை மிதிக்கவே மாட்டோம். இவர்கள் என்னவென்றால் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தின்னச் சொல்கிறார்கள். முகாம் பெண் பொழுது சாய்வதற்குள் முகாமுக்குப் போயிருந்தாள். விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. வியட்நாம் அம்மாள் தனக்குத் தெரிந்த தமிழில், செத்த ஆக்களுக்கு என்று சொல்லப்போக, நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

விடிந்ததும் தலைவர் வந்துவிட்டார். அவருடைய பேரனுக்கு வயிற்றுப்போக்கு.

"நைனா, உன்ன நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கழிப்பு வச்ச ஊட்ல நாளைக்கு எவன் தண்ணி வாங்கிக் குடிப்பான்? வெள்ளிக்கிழமைக்குள்ள மாடிய காலி பண்ணச் சொல்லிடு" என்றார்.

கோயில் காரியத்தில் அவர் வார்த்தையை நான் தட்டினதில்லை. என் வீட்டுக்காரிதான், பிள்ளைங்க வர்ற நேரந்தான், அந்தப் பொண்ணு வந்ததும் இன்னா ஏதுன்னு கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்கண்ணா என்று அவரை உட்காரவைத்து டீ கொடுத்தாள். தலைவருடைய சம்சாரமும் பேரனை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்றுகொண்டார்கள்.

முகாம் பெண் வந்தாள். காலி செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்டதும் அவள் முகம் செத்துவிட்டது. வேறு இடம் கிடைக்காது என்று எல்லாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். மாடியிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்த வியட்நாம் அம்மாள் மெதுவாகச் சொல்லச் சொல்ல, இவள் எங்களுக்குச் சொன்னாள்.

"இது ஆருக்கும் கெடுதல் செய்யிறதுக்கு இல்லையாம். கடலிலயும் வழியிலயும் செத்துப்போய், திவசம் குடுக்க ஆளில்லாத ஆக்களுக்கு வருசத்தில ஒருக்கா வைக்கிற கஞ்சியாம். அவான்ர தம்பி படகில வரேக்க செத்துப்போனவனாம். கடலிலயே விட்டிட்டினமாம். நாளும் தெரியாது, இடமும் தெரியாது."

பிறகு, "எங்கட சித்தியும் அப்பிடித்தான்" என்று தானாகச் சொன்னாள்.

தலைவர்தான் விடாமல், எல்லாம் சரி, அதை ஏன் ஊட்டுக்குள்ள வைக்காம முச்சந்தியில வைக்கணும் என்று கேட்டார். அவள் கேட்டுச் சொன்னாள்.

"அவையள் வீடில்லாத ஆக்களாம். வாசலில வச்சாத்தான் கூச்சப்படாம வருவினமாம். பிறகு பிள்ளையள் அடிபட்டுப் பறிச்சுத் திண்டாத்தான் அவையளுக்கும் வயிறு நிறையுமாம்."

பேரனுக்கு வயிறு போனதற்கு என்ன பதில் என்றார் தலைவர். என் வீட்டுக்காரி அந்தப் பொடியனைக் கிட்டே கூப்பிட்டு டிராயர் பாக்கெட்டைக் கவிழ்த்தாள். மிட்டாய்க் காகிதமாகக் கொட்டியது. இந்தப் பாக்கெட்டிலும், அந்தப் பாக்கெட்டிலும்.

"இத்தினியும் நீயா துன்ன?"

"எல்லாம் என்து இல்ல" என்றான் அவன். "பாதி பக்கத்து ஊட்டுப் பொண்ணு கைலேர்ந்து புடுங்கினது."

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீசையைத் தடவினார். அப்போதுதான் அதுவரை வாயே திறக்காமல் இருந்த அவர் சம்சாரம் என் வீட்டுக்காரியிடம் கேட்டார். கேட்டபோது குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"காணாம போனவங்களுக்கும் ஊத்துவாங்களாமா?"

அந்த அம்மாவின் தம்பி லாரியில் கிளீனராக வடக்கே போனவன். போனவன் போனவன்தான். எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இத்தனை வருஷத்துக்கு இருக்கமாட்டான் என்று மனசுக்குத் தெரிந்தும், நாள் தெரியாமல் திதி கொடுக்கவும் முடியாமல் அந்த அம்மா தவித்துக்கொண்டிருந்தார். வியட்நாம் அம்மாளுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. அவரே எழுந்து வந்து அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஓம் அக்கா. அவருக்கும் ஊத்துவம்."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம், "அடுத்த தபா முச்சந்தில வேணாம். செவுத்தோரமா வைக்கச் சொல்லு. வண்டி கிண்டி வரும்" என்றார். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. மேலே மிஷின் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

வகுப்பு நடந்து முடிந்தது. கம்பெனிக்காரர்கள் சொன்னபடி ஆள் எடுத்தார்கள். முகாம் பெண் கம்பெனி வேனில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போய்வந்தாள். முதல் நாள் எங்கள் வீட்டு முன்னால் வேனை நிறுத்தச் சொல்லி, மாடியைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனாள். பிறகு அடுத்த கூட்டம் பிள்ளைகள் மாடியேறினார்கள்.

அடுத்த வருஷம் அவர்கள் கணக்குப்படி அந்தப் பௌர்ணமி ஆவணியில் வந்தது. எங்கள் கோயில் கூழ் முடிந்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. ஆனாலும் தலைவர் ஆஜர். மிட்டாயும் பொரியும் அவர் கடையிலிருந்தே வந்தது. அவர் சம்சாரம் தன் கையால் ஒரு இலையில் கஞ்சி ஊற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். அது வரைக்கும் எல்லாம் அமைதியாக நடந்தது. அப்புறம்தான் சண்டை. தலைவர் வழக்கம்போலப் பசங்களை வரிசையில் நிற்கவைத்துவிட்டார். வியட்நாம் அம்மாள் குறுக்கே வந்து, "வரிசை வேண்டாம் அண்ணை, பறிக்க வேணும்" என்கிறார். இவர், கோயில் பிரசாதமானாலும் கல்யாணச் சாப்பாடானாலும் என் கையில் வரிசை தவறினதே இல்லை என்கிறார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பசங்கள் பாய்ந்துவிட்டார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டேய் மெதுவா, டேய் மெதுவா என்று கத்திக்கொண்டே ஒரு மிட்டாயை எடுத்துத் தன் சம்சாரம் கையில் கொடுத்ததை நான் பார்த்தேன்.

சில வருஷம் கழித்து அந்தக் குழு வேறு ஊருக்குப் போய்விட்டது. இப்போது இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அம்மன் தலைவர் கனவில் வந்து, அவங்கள விரட்டாதே என்று சொன்னாளாம். அந்தக் கஞ்சியைக் குடித்துப் பேரனுக்கு வியாதி தீர்ந்ததாம். அம்மனை நம்புகிறவன் நான். அவள் கனவில் வரவில்லை. அவள் வந்து செய்ய வேண்டிய வேலையை மனுஷர்களே உட்கார்ந்து பேசிச் செய்துவிட்டார்கள், அதையும் நான் அவள் அருள் என்றுதான் கும்பிடுகிறேன். அதனால் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டவேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நடந்தது நடந்தபடியே போய்ச் சேரட்டும்.