கடிதப் பக்கத்தில் ஒரு பிடி அரிசி

ஜொகூர் பாருவில் நானும் மச்சானும் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை நடத்தினோம். மச்சான் என் அக்காளின் கணவர். எழுதுவது என் பாடு, விளம்பரம் பிடிப்பது அவர் பாடு. ரப்பர் விலை விழுந்த காலம் அது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார்கள். இனி இழுத்து மூட வேண்டியதுதான் என்று இருந்தபோது, தோட்டங்களுக்கு அரிசி அனுப்பும் முதலாளி ஒருவர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

ஒரு வருடத்துக்குக் கடைசிப் பக்கம் முழுக்க அவர் விளம்பரம். பதிலுக்குக் காகிதமும் மையும் அவர் மூலமாகவே நாங்கள் வாங்க வேண்டும். தோட்டங்களில் எங்களுக்கு ஏஜெண்டாக இருந்த, தோட்டக் கணக்கெழுதும் கிராணிமார்கள் அவருடைய அரிசிக்கும் ஆர்டர் பிடித்துத் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றேன்: வாசகர் கடிதப் பக்கத்தில் அவர் கை வைக்கக் கூடாது. அது தோட்டத்துச் சனங்களின் பக்கம். பெயர் போடாமல் எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் வாசிக்க, லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் உட்கார்ந்து கேட்கும். அரிசி மூட்டைகளுக்கு நடுவே காலைப் பொழுது முழுக்க வாதாடினேன். மச்சான் வாயே திறக்கவில்லை.

"சரிங்க, கடுதாசில நமக்கென்ன வேலை லா? உங்க இஷ்டம்," என்று முதலாளி கடைசியில் சிரித்தார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வரும் வழியில் மச்சானுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தோட்டத்தில் அளக்கிற அரிசி புழுத்துக் கிடக்கிறது, பிள்ளைகளுக்கு வயிற்றால் போகிறது என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் நம்ப வேண்டுமே என்று ஒரு பிடி அரிசியையும் உறைக்குள் போட்டிருந்தார்கள். அந்தத் தோட்டத்துக்கு அரிசி அனுப்புவது யார் என்று எனக்குத் தெரியும். கடிதத்தை நானே அச்சுக் கோத்தேன். மிஷினில் ஓட்டுவது மச்சானின் பொறுப்பு.

பத்திரிகை வெளிவந்தபோது அந்தக் கடிதம் இல்லை. அது இருந்த இடத்தில், 'தோட்ட மக்கள் விரும்பி உண்ணும் அரிசி' என்று முதலாளியின் விளம்பரம் இருந்தது.

"கடுதாசிப் பக்கமும் அவர் சொல்றபடிதான்னு ஒப்பந்தத்துலயே இருக்கு மாப்ள," என்றார் மச்சான். "நீ வர்றதுக்கு மொத நாளே கையெழுத்துப் போட்டாச்சு."

"அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"நீ பேசி ஜெயிச்ச மாதிரி இருந்தாத்தானே சண்டை போடாம எழுதுவ!"

முதலாளி மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அவர் வியாபாரி. ஆனால் மச்சான், தினமும் என்னோடு ஒரே சட்டிச் சோறு தின்ற மனுஷன், என்னை அங்கே உட்கார வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்.

மறுவாரம் ரெங்கத்திலிருந்து இன்னொரு உறை வந்தது. இந்த முறை கடிதம் இல்லை. அந்த விளம்பரத்தைக் கிழித்து, அதிலேயே ஒரு பிடி புழுத்த அரிசியைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

உறையின் மேல் என் பெயர்தான் எழுதியிருந்தது.