ரசலையன் விரித்த கடைசிச் சேலைகள்

ரசலையன் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. தலைக்கனம் என்று நினைத்துவிட வேண்டாம். குழித்துறை சுயம்பு ஜவுளி மாளிகையில் சேலைப் பிரிவில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்தவருக்கு முகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அவர் அனுபவத்தில் கண்டது. முகம் சிரிக்கும், நல்லா இருக்கே என்று சொல்லும், கடைசியில் எழுந்து போய்விடும். கை அப்படி ஏமாற்றாது. சேலையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து ஒருமுறை கசக்கிப் பார்க்கிற கை வாங்கும். உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருக்கிற கை பொழுது போகாமல் வந்த கை. விலைச் சீட்டை முதலில் திருப்புகிற கை, இன்னும் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு மத்தியானத்துக்கு மேல் திரும்பி வரும். இதில் அவர் கணக்கு தப்பியதே கிடையாது.

டிசம்பர் பிறந்தால் மட்டும் அவருக்கு மனிதகுலத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். ஒரு சேலை எடுக்க ஒருத்தி வருவாள், அபிப்பிராயம் சொல்ல ஆறு பேர் கூட வருவார்கள். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த புருஷன் ஓரமாக நின்று கொட்டாவி விடுவான். இந்த பார்டரை அந்தச் சேலையில் வைத்துத் தர முடியுமா என்று ஒருத்தி கேட்பாள். எண்பது சேலையை விரித்துப் போட்ட பிறகு, முதலில் காட்டினீர்களே, அது எங்கே என்பாள். ரசலையன் பல்லைக் கடித்துக்கொண்டு மலையைக் கிளறி அதை எடுத்துக் கொடுப்பார். ஏசு பாலன் பிறந்ததற்கு எல்லோரும் சந்தோஷப்படுகிற மாதத்தில், அவர் மட்டும் சேலை மடக்கிக்கொண்டு கர்த்தரிடம் கோபித்துக் கொண்டிருந்தார்.

இதெல்லாம் தெரிந்துதான் அவர் தன் மனைவி ஞானபாயைக் கடைக்கு வர விட்டதே இல்லை. நீ எதுக்கு அந்தக் கூட்டத்து இடியில வந்து கஷ்டப்படணும், நான் கொண்டு வாறேன் என்பார். சொன்னபடி ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஒன்று கொண்டும் வருவார். சீசன் முழுக்க எல்லோரும் விரித்துப் பார்த்து வேண்டாம் என்று தள்ளிய சேலை அது. ஒரு வருடம் காவி, ஒரு வருடம் பச்சை மஞ்சள், ஒரு வருடம் பார்த்தால் கண் கூசுகிற கத்தரிப்பூ. ஞானபாய் அதை வாங்கி, நல்லா இருக்கு என்று சொல்லி, மறுநாள் கோயிலுக்கு உடுத்துப் போவாள். என் பெண்டாட்டி ஒரு நிமிஷத்தில் சேலை எடுக்கிறவள் என்று ரசலையன் கடையில் பெருமையடித்துக் கொள்வார். எடுக்கிறவள் அவள் இல்லையே என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஞானபாய் வேலை பார்த்தது அண்டி ஆபீசில். முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கொட்டையின் ஓட்டிலிருந்து தெறிக்கிற எண்ணெய் விரலில் பட்டால் கறுத்துப் போகும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும், சோப்பைக் கரைத்தாலும், அந்தக் கறை போகாது. தோல் உரிந்து புதுத்தோல் வரும்போதுதான் போகும். அதற்குள் அடுத்த நாள் வேலை வந்துவிடும்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் முதலாளி சுயம்புலிங்கம் கடையை மூடப் போவதாகச் சொன்னார். மெயின் ரோட்டில் ஐந்து மாடியில் ஒரு ஜவுளிக்கடை வந்துவிட்டது. ஜனங்கள் துணி எடுக்கப் போகிறார்களோ இல்லையோ, நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கப் போனார்கள். முதலாளியின் பையன்கள் இரண்டு பேரும் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஜவுளி என்றால் ஆன்லைனில் வருகிற பெட்டி. போதும்டே என்றார் முதலாளி. ரசலையனுக்குத் தக்கலையில் தெரிந்தவர் கடையில் வேலையும் பேசிக் கொடுத்துவிட்டார். டிசம்பர் முப்பத்தொன்று கடைசி நாள் என்று முடிவாயிற்று.

கடை காலி, எல்லாம் பாதி விலை என்று துணியில் எழுதி வாசலில் கட்டினார்கள். அவ்வளவுதான். பத்து வருடமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஜனமெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது. நல்ல கடையாச்சே, மூடுகிறார்களே என்று துக்கம் விசாரித்துக்கொண்டே இரண்டு கையிலும் அள்ளினார்கள். இவர்கள் வருஷத்துக்கு ஆளுக்கொரு துவர்த்துத் துண்டு வாங்கியிருந்தால் கடை எதற்கு மூடுகிறது? ரிட்டையரான ஒரு ஹெட்மாஸ்டர் ஆயுளுக்கும் ஆகட்டும் என்று பனியன் மட்டும் முப்பது வாங்கினார். ஒருத்தி, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம் துணி எடுத்தாள். துணி தீர்ந்த அலமாரியை வாங்கினார்கள், கண்ணாடியை வாங்கினார்கள், வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற முக்காலிகளைக்கூட ஒன்று விடாமல் கொண்டுபோனார்கள். திருவட்டாறுக்காரர் ஒருவர், சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மையை வாழைத்தோட்டத்தில் நிறுத்துவதற்காக ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். சேலைக்குத் தனியாக பில் போட்டதில் அவருக்கு வருத்தம்.

கடை மூடுகிற செய்தியைக் கேட்டபோது ஞானபாய் ஒரே ஒரு காரியம் கேட்டாள்.

"கடைய அடைக்கதுக்கு முன்ன ஒருக்கா நான் வரணும். சாரி நானாக்கும் எடுப்பேன். நீங்க விரிச்சுக் காட்டணும்."

ரசலையனுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா என்று சரி சொன்னார். பதினெட்டாம் தேதி வரச் சொன்னார். அன்றைக்குக் கூட்டம் என்று இருபத்தொன்றுக்குத் தள்ளினார். இருபத்தொன்றில் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது, கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார். கிறிஸ்துமஸ் கழிந்து கிறிஸ்துமஸ் சேலை எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இருபத்து மூன்றாம் தேதி அண்டி ஆபீஸ் விட்டதும், அவரிடம் சொல்லாமல் நேரே கடைக்கு வந்துவிட்டாள்.

ரசலையன் அப்போது சேலை மலைக்குள் இடுப்பு வரை புதைந்திருந்தார். எதிரே நாலு வரிசையில் பெண்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலே கை நீட்டிக் கொண்டிருந்தார்கள். ஞானபாய் எப்படியோ இடித்து முன்னால் வந்து நின்றாள். கூப்பிடவில்லை. அவராகப் பார்க்கட்டும், பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று ஆசை. இலைப்பச்சையில் அரக்கு பார்டர் போட்ட ஒரு சேலையை விரலால் சுட்டினாள். அவர் எடுத்தார், ஒரே வீச்சில் விரித்துப் போட்டார். அது அவள் மனதில் நினைத்துக்கொண்டு வந்த சேலைபோலவே இருந்தது. அவள் கையை நீட்டினாள்.

ரசலையன் அந்தக் கையைப் பார்த்தார்.

"கையில கறை இருக்குல்லா, தொடாண்டாம். நான் விரிச்சுக் காட்டுதேன், கண்ணால பாருங்க."

கை பின்னால் போய்விட்டது. அந்த இடத்தில் ஆறு வளையல் போட்ட இன்னொரு கை வந்து இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தது. இது வாங்கும் என்று ரசலையன் நினைத்தார். வாங்கிவிட்டது.

கடை அடைக்கிற நேரத்தில், பிள்ளைகள் உடுப்புப் பிரிவில் வேலை பார்க்கிற பேபி வந்து கேட்டாள்.

"அண்ணே, அக்கா என்ன சாரி எடுத்தாவ?"

எந்த அக்கா என்றார் ரசலையன். உங்க வீட்டு அக்காதான், அந்த இலைப்பச்ச சாரிக்கு நேர நின்னாவளே என்று பேபி சொன்னாள். அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது மடக்கிக்கொண்டிருந்த சேலை கையிலிருந்து நழுவியது.

வீட்டில் ஞானபாய் சண்டை பிடித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவள் சோறு போட்டாள், மீன்கறி ஊற்றினாள், உப்பு போதுமா என்று கேட்டாள். ரசலையன் தானாகவே பேச ஆரம்பித்தார். கூட்டத்தைச் சொன்னார், சத்தத்தைச் சொன்னார், இந்த வேலையில் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க நேரம் இல்லை என்பதை மூன்று விதமாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

"மொகத்தப் பாக்கல்ல, செரி. கையப் பாத்தியளே."

ஊரில் உள்ள கைகளுக்கெல்லாம் ஜாதகம் சொன்னவருக்கு, தினமும் தனக்குச் சோறு போடுகிற கையை அடையாளம் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் எல்லோரும் புதுத்துணியில் மினுங்கினார்கள். பாதி துணி சுயம்பு ஜவுளியில் ரசலையன் கையால் எடுத்துக் கொடுத்தது. ஞானபாய் பழைய வெள்ளைச் சேலை ஒன்றைத் துவைத்துக் கட்டி வந்திருந்தாள். ஜவுளிக்கடைக்காரன் பெண்டாட்டிக்குப் புதுசு இல்லையா என்று நாலு பேர் கேட்டார்கள். கடையில் எல்லாம் தீர்ந்துபோயிற்றாம் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரசலையன் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடினார்.

முப்பத்தொன்றாம் தேதி கடையில் எண்பத்துச் சொச்சம் சேலை மிஞ்சியிருந்தது. சாயங்காலம் மொத்த வியாபாரி ஒருவர் வண்டியோடு வந்து மிச்சத்தை அள்ளிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மத்தியானம் ரசலையன் முதலாளியிடம் சொல்லிவிட்டு அண்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றார். வருடக் கடைசி, அன்றைக்கு அரைநாள் வேலை. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவரைக் கண்டதும் ஒருத்தி இன்னொருத்தியின் விலாவில் இடித்தாள். விஷயம் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஞானம், கடைக்கு வா. சாயங்காலம் வண்டி வருது. அதுக்குப் பிறவு அங்க ஒண்ணும் இருக்காது" என்றார்.

ஞானபாய் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவள் முந்திக்கொண்டாள். "எங்க கையிலயும் கறையாக்கும் அண்ணே. நாங்களும் வரலாமா?"

வரணும் என்றார் ரசலையன். அவர் முன்னால் நடக்க, பின்னால் ஞானபாயும் பதினோரு பெண்களும் சந்தை வழியாக நடந்தார்கள். மீன் விற்கிறவர்கள் என்ன சமாசாரம் என்று விசாரித்தார்கள். சாரி எடுக்கப் போறோம் என்று பதினோரு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

கடைக்குள் நுழைந்தபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது, உட்கார ஒரு முக்காலி கிடையாது. தான் இருபத்தேழு வருடம் சம்மணம் போட்டு உட்கார்ந்த மெத்தை மேடையைத் தட்டிவிட்டு, ஞானபாயை அதில் ஏறி உட்காரச் சொன்னார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். மற்றவர்கள் இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்தார்கள். அந்தக் கைகளைப் பார்த்து முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து ஏதோ சொல்ல வந்தார். ரசலையன் திரும்பினார்.

"முதலாளி, இது எனக்க வீட்டுக்காரியாக்கும். எல்லாத்தையும் தொட்டுப் பாப்பா."

சுயம்புலிங்கம் உட்கார்ந்துகொண்டு, எதிர்க்கடையில் பன்னிரண்டு டீ சொல்லச் சொன்னார்.

ரசலையன் கீழே நின்றுகொண்டு விரித்தார். சும்மா விரிக்கவில்லை. இது துவைக்கத் துவைக்க மினுங்கும், இது உடம்பில் ஒட்டாது, இது உங்கள் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று தெரிந்த பாடமெல்லாம் ஒப்பித்தார். ஞானபாய் ஒவ்வொன்றையும் கையில் எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள், மடியில் போட்டாள், தோளில் போட்டுப் பார்த்தாள். கறை எதிலும் ஒட்டவில்லை. அது தோலோடு சேர்ந்த கறை, துணிக்கு ஒன்றும் செய்யாது. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். ஐம்பதாவது சேலையில் ஒருத்தி, முதலில் காட்டினீர்களே, அது எங்கே என்றாள். ரசலையன் பல்லைக் கடிக்கவில்லை. சந்தோஷமாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். முகம் முழுக்க வியர்வை.

எண்பத்தாறு சேலையும் விரிந்தாயிற்று. டீயும் குடித்தாயிற்று. எல்லோரும் ஞானபாயைப் பார்த்தார்கள். அவள் மடியில் கிடந்த கடைசிச் சேலையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஒண்ணும் பிடிக்கல்ல" என்றாள்.

ரசலையன் திகைத்துப் போனார். இன்னும் கோபம் போகவில்லையோ என்று பயந்து, இந்த நீலம், இந்த ரோஸ் என்று கெஞ்ச ஆரம்பித்தார்.

"கோவம் ஒண்ணும் இல்ல. உள்ளத செல்லுதேன். இருவத்திரண்டு வருஷம் நீங்க கொண்டு வந்ததுல ஒண்ணுகூட எனக்குப் பிடிச்சதில்ல. அத செல்லதுக்கு ஒரு எடம் கிடைக்கல்ல, இப்பம் கிடைச்சுது."

பதினோரு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். முதலாளி பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், அதற்குப் பின்னால் அவர் வயிறு குலுங்கியது. ரசலையனுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அந்தக் கத்தரிப்பூச் சேலை நினைவுக்கு வந்து அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பின்ன உனக்கு எந்த நெறம்தான் பிடிக்கும்?" என்று கேட்டார்.

ஞானபாய் யோசித்தாள். சுற்றிலும் விரிந்து கிடந்த எண்பத்தாறு நிறங்களையும் பார்த்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள்.

"தெரியல்லியே" என்றாள். "ஒருத்தரும் கேட்டதில்ல. இன்னும் நாலு கடை ஏறிப் பாத்தாத்தான் தெரியும். நீங்களும் கூட வரணும்."

எத்தனை கடை என்றாலும் வருகிறேன் என்றார் ரசலையன்.