காய் பழுக்கிற லீவில் ஒரு பார்க் வேன்

சுற்றுலா ஏற்பாடு செய்கிற தொழிலில், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சு என்றால் நமக்கு லீவு முடிந்தாச்சு என்று அர்த்தம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லீவில் எங்கேயாவது போய்த் திரும்பியவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். நீங்கள் ஒரு குடும்பத்தோடு படுவதை நான் ஒரு வேன் நிறையப் படுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபது வருடம் வெளியூர்களில் மற்றவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் போடிக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் போட்டு உட்கார்ந்தேன். காலாண்டு லீவு வந்தால் எல்லாருக்கும் கொச்சிப் பக்கத்துத் தீம் பார்க்குக்குப் போக வேண்டும். மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடப்பதும் அதே சமயம்தான். தோட்டத்துக்குப் போகிற ரோடும் பார்க்குக்குப் போகிற ரோடும் ஒன்றே என்பது எங்கள் ஊரின் அமைப்பு. போன லீவில் நான் போட்ட வெள்ளிக்கிழமை வேனைப் பற்றித்தான் இது.

தூரமாப் பாத்துப் போடுங்க

முதலில் வந்தவர் செல்வராணி. மலைத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். விடியுமுன்னே ஜீப்பு ஏறினால், திரும்பி வரும்போது தெருவில் விளக்கு எரியும். ஒரே மகள் பவித்ரா எட்டாம் வகுப்பு, வெளியூரில் ஹாஸ்டல். லீவுக்கு வந்த பிள்ளையைப் பத்து நாளும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் மட்டும்தான் பார்க்க முடிகிறது என்றார். ஒரு நாள், ஒரு முழுப்பகல், மகளோடு இருக்க வேண்டும். அதற்கு இரண்டு சீட்டு.

"ஒரு பகலுக்கு இம்புட்டுத் தூரம் எதுக்கும்மா? மதுரைப் பக்கமே ஒரு பார்க்கு இருக்கே, வெரசாப் போயிட்டு வந்துரலாம்" என்றேன். எல்லாரும் பக்கத்தில் எது என்று கேட்பார்கள், சந்தோஷப்படுவார் என்று நினைத்துச் சொன்னது. அவர் தலையை ஆட்டினார்.

"பக்கம் ஆகாதுண்ணே. பக்கத்துல இருந்தா ஆள் வந்து கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிருவேன். என்னைய எனக்குத் தெரியும். ஜீப்பு ஆரன் கேக்காத எடமாப் பாத்துப் போடுங்க."

வாசலில் ராகு காலம்

பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து பெருமாள்சாமி அண்ணன் எட்டு சீட்டு சொல்லியிருந்தார். தோட்டம் துரவு உள்ள மனிதர். செவ்வாய்க்கிழமை காலண்டர் தாளைக் கிழித்துக் கையோடு கொண்டுவந்துவிட்டார். "அஞ்சு மணிக்குக் கெளம்புறது சரி தம்பி. பதினோரு மணிக்குப் பார்க்குக்குள்ள நுழையுறோம். வெள்ளிக்கெழம, பத்தரை பன்னெண்டு ராகு காலம். வேன வெளியவே நிப்பாட்டிப் பன்னெண்டுக்கு மேல உள்ள போவோம்." அந்த நேரத்துக்குள் உள்ளே வரிசை எவ்வளவு நீளும் என்று நான் விளக்க விளக்க, அவர் தாளை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

கூட வந்திருந்த அவர் சம்சாரம் அதுவரை என் மேசையில் கிடந்த பார்க் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "கல்யாண வீட்டுப் பந்திக்கு ஒரு நாளாச்சும் ராகு காலம் பாத்திருக்காரான்னு கேளுங்க."

சேலையும் தண்ணியும்

பருத்திச் சேலை, பட்டுச்சேலை, வேட்டி எதுவும் கட்டிக்கொண்டு பார்க்கின் தண்ணீர் விளையாட்டில் இறங்கக் கூடாது. அதற்கென்று நைலான் உடுப்பு உண்டு. இதை ஒவ்வொரு லீவிலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு தடவை சொல்கிறேன். புதன்கிழமை பெருமாள்சாமி அண்ணன் சம்சாரத்துக்கு ஃபோனில் சொன்னேன்.

"நம்மூரு கொட்டகுடி ஆறு இம்புட்டு வருசமா ஒரு வார்த்த கேட்டதில்லையே தம்பி."

பகை

அன்று மத்தியானமே வேன் டிரைவர் முருகன் வந்து நின்றான். வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு ஆள் ஏற்ற அவன் வேனைக் கேட்கிறார்களாம். நான் கோபப்படவில்லை, இந்த வயதில் கோபத்துக்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் யோசித்து, தன் மச்சானின் வேனைத் தானே ஓட்டி வருவதாக ஒப்புக்கொண்டான். போகும்போது நியாயமாக ஒன்று கேட்டான்.

"லீவு பத்து நாளுண்ணே, காய் ஆறு மாசம். நான் யாரப் பகச்சுக்கிறது, நீங்களே சொல்லுங்க."

கங்காணி வந்தார்

வியாழக்கிழமை சாயங்காலம் செல்வராணி வேலை செய்கிற தோட்டத்துக் கங்காணி என் மேசைக்கே வந்துவிட்டார். ஆட்களை வேலை வாங்குகிறவர் என்றாலும் அதட்டுகிற ஆள் இல்லை; என்னைவிடக் களைத்துப் போயிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். "பழுத்த காய் லீவு பாக்காது சார். ரெண்டு நாள் விட்டா செடியிலயே வெடிச்சிரும், மிச்சத்த அணில் பாத்துக்கும். நாளைக்குச் செல்வராணி வரலைன்னா திங்கக்கெழம அது சீட்டுல வேற ஆளத்தான் ஏத்தணும்." ஒரே ஒரு ஆள்தானே, ஒரே ஒரு நாள்தானே என்றேன்.

"ஒரு ஆள விட்டா பதினாலு ஆளும் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஒங்க கடைக்கு வந்து நிக்கும். ஒங்களுக்கு அது யாவாரம். எனக்கு என்ன சார் அது?"

அவர் போனதும் செல்வராணிக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். வேலை பெரிது, சீட்டை அரையாண்டு லீவுக்கு மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"அப்பவும் காய் இருக்கும்ணே. இவ இப்பவே செல்போனப் பாத்துக்கிட்டுத்தான் எனக்குப் பதில் சொல்றா. நாங்க வர்றோம்."

போடிமெட்டில் டீ

வெள்ளிக்கிழமை விடியற்காலை, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எங்கள் வேனுக்கு முன்னால் ஆள் ஏற்றிய ஜீப்புகள். செல்வராணி ஜன்னல் பக்கம் மகளை உட்கார வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டார். குளிருக்கு என்றார். மலை உச்சியில் போடிமெட்டில் டீக்கு நிறுத்தினால், பக்கத்திலேயே நிற்கிறது அவருடைய ஜீப்பு. வழக்கமாக அவரோடு போகிற பதிமூன்று பெண்களும் கையில் டீயோடு எங்கள் வேனைப் பார்க்கிறார்கள். செல்வராணி இறங்கவில்லை.

ஒச்சம்மாள் என்று ஒருவர், வயதில் மூத்தவர், ஜன்னலருகே வந்து முக்காட்டை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி, ஒதுக்கி விடுவார்கள். சாயங்காலம் மொத்தமாக எடை போடுவார்கள். அதை வைத்துத்தான் அவர் பேசினார்.

"அடியே, ஒன் நெரையப் பதிமூணு பேரும் பங்கு போட்டு எடுத்துருவோம். எட கொறையலைன்னா கங்காணி வாயத் தெறக்க மாட்டாரு. நீ வளைவுல வாந்தி எடுக்காமப் போயிட்டு வா."

மரத்தடி

ஐந்தாம் வகுப்பு வரை மலையில் மலையாளத்தில் படித்துவிட்டு, அப்புறம் போடிக்கு இறங்கித் தமிழில் படித்தவன் நான். அந்த மலையாளம் இன்றைக்குப் பயன்படுவது பார்க் வாசல் காவலாளியிடம் சீக்கிரம் உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுவதற்குத்தான். கெஞ்சி, பதினொன்றேகாலுக்கு எல்லாரையும் உள்ளே தள்ளினேன். பெருமாள்சாமி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசலைத் தாண்டினார். அதன் பிறகு குறைகள் ஆரம்பித்தன. வரிசை நீளம். சோறு கேரளத்துக் கொட்டை அரிசிச் சோறு. தண்ணீரில் மருந்து வாடை. வாடகை உடுப்பு இறுக்கம். இருபத்தாறு பேரின் குறையையும் கேட்டுக்கொண்டு, மூன்று மணிக்குத் தலையெண்ணிக்கை எடுத்தால் இரண்டு தலை குறைந்தது.

தேடிப் போனேன். அலைக்குளத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில், சிமெண்டு பெஞ்சில் இருந்தார்கள். செல்வராணி, மகள் மடியில் தலைவைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார். பவித்ரா காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நனையாத உடுப்பு, ஒன்றிலும் ஏறவில்லை, ஒன்றிலும் இறங்கவில்லை. எப்போதிருந்து என்று சைகையில் கேட்டேன். வந்ததிலிருந்து என்று சைகையிலேயே சொன்னாள். இவ்வளவு தூரம் வந்து, பாவம், பிள்ளை நாள் போச்சே என்று குனிந்து எழுப்பப் போனேன். அவள் என் கையைத் தடுத்தாள்.

"எழுப்பிராதீங்க மாமா. பகல்ல எங்கம்மா மொகத்த இம்புட்டு நேரம் நான் பாத்ததே இல்ல."

அன்றைக்கு என் வேனில் வந்தவர்களுக்குக் கிடைத்தவற்றில் யாரும் குறை சொல்லாதது அந்தத் தூக்கம் ஒன்றுதான். அது என் ஏற்பாட்டில் இல்லாதது.