என் வளவில் உதித்த செவ்வாய்

டெலிபோன் டவரின் உச்சி விளக்கைச் செவ்வாய்க் கிரகம் என்று ஒரு கிழமை, ஏழு நாளும், ஒரு மனிதருக்குக் காட்டிக்கொண்டிருந்தவன் நான். நடந்தது மட்டக்களப்பு வாவிக்கரையில், எங்கள் வீட்டுப் பின்வளவில். சுனாமி வந்து இரண்டு மாதமாகியிருந்தது.

சமாதான காலம் என்று பேர். ஆனாலும் இருட்டினால் ரோட்டில் ஆள் நடமாட்டம் இராது. வெளியே போக வழியில்லாததால் நான் மேலே, வானத்துக்குப் போனேன். பைனாகுலர் வைத்திருந்தால் ஆமிச் சென்ட்ரியில் விளக்கம் சொல்லியே ஆயுள் முடிந்துவிடும். ஆகவே வெறுங்கண்ணும் ஒரு வானசாஸ்திரப் புத்தகமும்தான். செவ்வாய் சிவப்பாயிருக்கும், மினுங்காது என்றது புத்தகம். தென்னோலைகளுக்கு நடுவே சிவப்பாக, மினுங்காமல் ஒன்று நின்றது. அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. வாவிக்கு அக்கரையில் புதிதாக எழும்பிய டவரை மரங்கள் மறைத்திருந்தன.

வளவு மூலையிலிருந்த கொட்டிலில், கடலுக்குப் போகிற ஒருவரும் மனைவியும் தங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடத்து அகதி முகாமை மூடியபோது என் மனைவி கூட்டி வந்தவர்கள். அவர்களுடைய ஒரே மகளை அலை கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்தால் சாப்பிடுவார், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துக் குளிசையும் பலிக்கவில்லை. அந்த அக்கா மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தார். "இந்த மனிசன் என்னை ஏசவாவது வாய் திறக்கட்டும் தம்பி" என்பார்.

குறுக்கே பேசாத ஆள் கிடைத்தால் என்னைப் போன்றவன் விடுவானா? பொழுதுபட்டதும் அவரை வாங்குப் பலகையில் இருத்தி, செவ்வாயின் தூரம், மண், இரண்டு நிலா எல்லாவற்றையும் சொல்வேன். ஆறுதல் செய்கிறேன் என்று நினைப்பு. ஏழாம் நாள் தத்துவத்திலும் கால் வைத்தேன்.

"என்ன நடந்தாலும் செவ்வாய் தன்பாட்டில சுத்திக்கொண்டுதான் இருக்கு அண்ணன்."

"சுத்துதா?"

துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் போல ஒரு குரல். யார் பேசியது என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"ஏழு நாளா அந்த ஓலைக்குள்ளதான் நிக்குது. வானத்தில நகராத வெள்ளி எங்க கிடக்கு? அது டவர் லைட்டு தம்பி."

கொட்டிலுக்குள் சட்டி விழுந்தது. அக்கா ஓடி வந்து வாங்குக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். அவரோ உச்சியில் கார்த்திகைக் கூட்டத்துக்குக் கை நீட்டினார். "அந்தா, ஆறாமீன். எல்லாருக்கும் ஆறுதான் தெரியும். என்ட மகள் மட்டும் ஏழு எண்டுதான் எண்ணுவாள்." அதற்குப் பிறகு, இரண்டு மாதத்து அழுகையை மொத்தமாக அழுதார். அக்கா அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதார். நான் மடியிலிருந்த புத்தகத்தை மூடினேன்.

பிறகு அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அவர் மறுபடி கடலுக்குப் போனார். இப்போது சண்டையும் முடிந்துவிட்டது; என்னிடம் பைனாகுலர் இருக்கிறது, ஏனென்று கேட்க ஆளில்லை. ஆனாலும் ஆறாமீனை வெறுங்கண்ணால்தான் எண்ணுகிறேன். எனக்கு இன்னும் ஆறுதான். படித்ததைச் சரியாகச் சொல்லி நான் யாரையும் தேற்றியதாக நினைவில்லை. பிழையாகச் சொல்லித்தான் ஒருவரைப் பேசவைத்திருக்கிறேன்.

இதை அவர்கள் வீட்டுக்குப் போனபோது கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அக்கா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு சொன்னார்: "நீங்க எங்க தம்பி பேச வெச்ச? ஏழு நாள் பொறுத்துப் பாத்தார், மறுகா உங்கட கதையக் கேக்க ஏலாமப் போயிற்று."