மலைக்கு மேலே என்ன இருக்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலே முக்கால் மணி. ஆஸ்பத்திரி அறை ஒன்றில் ஆணி தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரமாகப் பத்திரிகையில் இந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதியிருந்தீர்களே... இதுதான் காரணம். கையில் எங்கள் வீட்டு ஹால் காலண்டர். தென்னூர் மளிகைக் கடையில் வருடா வருடம் கொடுப்பது. மேலே வேளாங்கண்ணி மாதா, கீழே தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற தேதிக் கட்டு. அதை மாட்ட ஓர் ஆணி வேண்டும். ஆஸ்பத்திரிச் சுவரில் ஆணிக்கு எங்கே போவது?

கட்டிலில் என் கணவர். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். தொழிற்சாலையில் முப்பது வருடம் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டையர் ஆனவர். மிக்ஸியின் சத்தம் லேசாக மாறினால்கூட அடுத்த அறையிலிருந்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். தன் நெஞ்சு இரண்டு நாளாகச் சொன்னதை மட்டும் 'கேஸ்தான், கேஸ்தான்' என்று தள்ளிவிட்டார். வியாழக்கிழமை காலை வழக்கம்போல காலண்டரில் தேதி கிழித்தார். காபி டம்ளரைக் கையில் எடுத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டோ, எமர்ஜென்சி, ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. "நல்லவேளை, சீக்கிரம் கூட்டிண்டு வந்துட்டேள். இனிமே பயமில்லை" என்றார் டாக்டர். ஸ்ரீரங்கத்துக்காரர். அவர் பெருமாளுக்கும் எங்கள் மாதாவுக்கும் சேர்த்தே அன்றைக்கு நன்றி சொன்னேன்.

அறைக்கு வந்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"பாப்பாகிட்ட சொல்லிடாத."

பாப்பா என்றால் ஜெனி. எங்கள் ஒரே மகள். இருபத்துமூன்று வயது. ஸ்காட்லாந்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். தீசிஸ் கொடுக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அப்பாவுக்கு இப்படி என்று தெரிந்தால் கையில் கிடைத்த ஃபிளைட்டில் ஏறி வந்து நிற்பாள். படிப்பு அந்தரத்தில் நிற்கும். அதனால் மூச்சு விடக் கூடாது என்பது உத்தரவு. நானும் தலையாட்டினேன்.

ஆனால் ஞாயிறு ஐந்து மணி என்று ஒன்று இருக்கிறதே... அவள் போன நாளிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் அது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவள் கூப்பிடுவாள். நாங்கள் ஹாலில் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து வீடியோவில் பேசுவோம். ஒரு வாரம் தப்பினாலும் சந்தேகம் வந்துவிடும். ஆகவே ஹாலையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். இப்போது புரிகிறதா, ஆணி எதற்கு என்று?

ஆணி கிடைக்கவில்லை. டியூட்டியில் இருந்த லால்குடி சிஸ்டர்தான் கைகொடுத்தார். கட்டுப் போடும் பிளாஸ்டரில் நீளமாக நாலு துண்டு கிழித்து, மாதாவைச் சுவரில் ஒட்டினார். "சார் ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுங்க. அஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டு, ட்ரிப்ஸ் ஸ்டாண்டைக் கேமராவில் படாமல் ஓரமாகத் தள்ளினார். இவருக்கு மணிக்கட்டில், ஆஞ்சியோ செய்த இடத்தில், கட்டு. அதை மறைக்க முழுக்கைச் சட்டை. தலை வாரி, பவுடர் போட்டு... பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு அலங்காரம் பண்ணியிருக்க மாட்டார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜெனி அங்கே போன முதல் மாதமே ஒரு ஞாயிறன்று உற்சாகமாகச் சொன்னாள்.

"அப்பா, அடுத்த வீக்எண்ட் ஃபிரெண்ட்ஸோட மலை ஏறப் போறேன்."

"மேல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா. மலைதான்."

"மாதா கெபி, சிலுவை... ஏதும்?"

"இல்லப்பா. உச்சியில கல்லைக் குவிச்சு வச்சிருப்பாங்களாம். அதைத் தொட்டுட்டு இறங்கிடுவோம்."

"கல்லைத் தொடவா மலை ஏறுவாங்க?"

இவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் குடும்பத்தில் காரணம் இல்லாமல் யாரும் எங்கேயும் போனதில்லை. பூண்டி மாதா கோயிலுக்குப் போவோம், வேண்டுதல் இருக்கும். கல்யாணத்துக்குப் போவோம், மொய் இருக்கும். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். இத்தனை வருடத்தில் இவர் அதில் ஏறியது இரண்டே தடவை... இரண்டு தடவையும் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குச் சுற்றிக் காட்ட. சும்மா ஏறி, சும்மா நின்று, சும்மா இறங்குவது என்பது எங்கள் அகராதியிலேயே கிடையாது.

"வழுக்கி விழுந்தா அங்க யாரு பார்ப்பா? படிக்கப் போனியா, மலை ஏறப் போனியா?" என்று ஒரு பிடி பிடித்தார். நானும் ஒத்து ஊதினேன். "சரிப்பா, போகலை" என்றாள். விஷயம் முடிந்தது என்று நிம்மதியானோம்.

அதற்கப்புறம் நல்ல பிள்ளையாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகூட லைப்ரரி. "நீங்க வீடியோ போடுங்கப்பா, உங்களைப் பார்க்கணும். எனக்கு இங்க நெட் வீக், நான் வாய்ஸ்ல மட்டும் வரேன்" என்பாள். பின்னால் எப்போதும் ஹோவென்று ஒரு சத்தம்.

"என்ன பாப்பா சத்தம்?"

"லைப்ரரில ஏசிப்பா."

ஸ்காட்லாந்தில் எதற்கு இவ்வளவு பெரிய ஏசி என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. இவரோ கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டுவிட்டு, "ஃபேன் பேரிங் போயிருக்கு. கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றார்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். சரியாக ஐந்து மணிக்கு அழைப்பு வந்தது. வழக்கம்போல எங்கள் முகம் அவளுக்கு. அவள் குரல் மட்டும் எங்களுக்கு. பின்னால் அதே ஏசி.

"என்னப்பா, வீட்ல முழுக்கைச் சட்டை?"

"கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோம்."

"யார் கல்யாணம்?"

"ஸ்டீபன் மகளுக்கு" என்றேன் நான். அதே நொடியில் "ஆபீஸ்ல ஒருத்தர்" என்றார் இவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "ஸ்டீபனும் ஆபீஸ்தான்" என்று எப்படியோ ஒப்பேற்றினேன். ஸ்டீபன் எங்கள் தெருவில் பேக்கரி வைத்திருப்பவர்.

 அந்தப் பக்கம் ஏசி மட்டும் ஓடியது.

"அப்பா... காலண்டர்ல வியாழக்கிழமை இருக்கு."

 சட்டை கொண்டுவந்தேன், பவுடர் கொண்டுவந்தேன், மாதாவையே கொண்டுவந்தேன். தேதியைக் கிழிக்க மறந்தேன். மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அதைக் கிழிக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். எழுந்ததும் முதல் வேலை அது. நாலு நாள் வெளியூர் போய்வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நாலு தாளையும் கிழிப்பார். அந்தத் தாளில் இன்னொருவர் கை பட்டதே கிடையாது. அவர் கிழிக்காத மூன்று நாள் என்றால் என்ன அர்த்தம் என்பது அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தெரியாதா?

"அம்மா, அப்பாவுக்கு என்ன? போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி."

தள்ளிப் பிடித்தேன். வேறு என்ன செய்ய? கட்டில், மானிட்டர், ட்ரிப்ஸ் ஸ்டாண்ட், அதைப் பிடித்தபடி சங்கடத்துடன் சிரிக்கும் லால்குடி சிஸ்டர்... எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "எங்கிட்ட ஏம்மா சொல்லலை? ஏன் சொல்லலை?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பாவின் முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும், தன் முகத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்கிற தவிப்பில் வீடியோவைப் போட்டுவிட்டாள்.

திரையில் லைப்ரரி இல்லை.

சிவப்புக் கம்பளித் தொப்பி. காற்றில் பறக்கும் முடி. மூக்கெல்லாம் சிவந்து ஒழுகுகிறது. அவளுக்குப் பின்னால் கற்குவியல். அதற்குப் பின்னால்... ஒன்றுமே இல்லை. வானமும், எங்கோ பாதாளத்தில் ஓர் ஏரியும்.

"பாப்பா, எங்க இருக்க?"

"...மலை மேலப்பா."

இவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். திட்டப் போகிறார், பிரஷர் ஏறப் போகிறது என்று நான் மானிட்டரைப் பார்த்தேன். அவர் கேட்டது இதுதான்.

"அப்ப அது பேரிங் இல்லையா?"

அழுகைக்கு நடுவில் ஜெனி சிரித்துவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோடை வந்ததிலிருந்து வாரா வாரம் மலைதான். இது ஏழாவது. வழியில் எங்கேயும் சிக்னல் கிடைக்காது, உச்சியில்தான் கிடைக்கும். "உங்க அஞ்சு மணிக்கு இங்க பன்னிரண்டரைப்பா. அதுக்குள்ள மேல வந்துடணும்னு காலையில எல்லாருக்கும் முன்னாடி நான்தான் கிளம்புவேன். ஒரு வாரம்கூட உங்க கால் மிஸ் ஆகக் கூடாதுன்னு."

 எங்களிடம் பொய் சொல்வதற்காக இந்தப் பெண் வாரா வாரம் ஒரு மலை ஏறியிருக்கிறாள். கோபம் வருமா இதற்கு? எனக்கு வரவில்லை. அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இவருக்கு வேறு கவலை. ஏறிவிட்டாள், சரி. இந்தச் செய்தியைத் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, அந்தப் பாறையில் எப்படி இறங்குவாள்? நெஞ்சு வலித்த அன்றுகூட அவர் முகத்தில் அந்தப் பயத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் குரலில் காட்டவில்லை. மெஷின் நின்றுபோனால் பதறாமல் பேசுவாரே, அந்தக் குரல்.

"யாரு கூட வந்திருக்க?"

"ரெண்டு ஃபிரெண்ட்ஸ்ப்பா. இங்கதான் இருக்காங்க."

"அழுதுக்கிட்டே இறங்கக் கூடாது. முதல்ல உக்காரு. சாப்பாடு என்ன வச்சிருக்க?"

"பிரெட். அம்மா குடுத்த இட்லிப் பொடி தடவினது."

"சாப்பிடு. நான் பார்க்கறேன்."

சாப்பிட்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். சிஸ்டரின் ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. அவரும் எங்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இவர், "சரி, போனைச் சுத்திக் காட்டு. அப்படி என்னதான் இருக்குன்னு பார்ப்போம்" என்றார். காட்டினாள். ஏரி, மேகத்தின் நிழல், வந்த பாதை நூல் மாதிரி. கற்குவியல் பக்கம் வந்ததும், "ஏறினவங்க இதுல ஒரு கல்லு வைப்பாங்கப்பா. அதான் வழக்கம். நானும் வச்சுட்டேன்" என்றாள்.

"எனக்கும் ஒண்ணு வை."

வைத்தாள். கீழே விழாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

"நான் டிக்கெட் போட்டு வரேன்ப்பா."

"நாளைக்கு டாக்டரோட பேச வைக்கறேன். என்ன வேணுமோ நீயே கேளு. அவர் வரச் சொன்னா வா. இப்ப பாதையைப் பார்த்து இறங்கு."

அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம். அந்தப் பாதையில் சிக்னல் கிடையாது என்பது இப்போது எங்களுக்கும் தெரியும். நான் ஜெபமாலையை மூன்று சுற்று முடித்தேன். இவர் போனை வயிற்றில் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்திருந்தார். சிஸ்டர் பிரஷர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு என்னிடம், "நாங்களும் இப்படித்தாங்க. தம்பி துபாய்ல இருக்கான். அப்பா விழுந்து கால் உடைஞ்சதை அவன்கிட்ட இன்னும் சொல்லலை" என்றார். எத்தனை வீடுகளில் இப்படிக் காலண்டர் மாட்டிக்கொண்டிருக்கிறோமோ தெரியவில்லை.

ஏழே முக்காலுக்குப் படம் வந்தது. சேறு அப்பிய இரண்டு ஷூ. கீழே ஒரு வரி: 'இறங்கிட்டேன்ப்பா.' அதைப் பார்த்த பிறகுதான் இவர் மாத்திரையை வாயில் போட்டார்.

மறுநாள் டாக்டரோடு அரை மணி நேரம் பேசினாள். ரிப்போர்ட் எல்லாம் அனுப்பச் சொல்லி வாங்கினாள். வரவில்லை. தீசிஸை முடித்துக் கொடுத்தும்விட்டாள். உண்மையைச் சொன்னால் பிள்ளை ஓடி வந்துவிடும் என்றுதானே பயந்தோம்? எல்லாம் தெரிந்த பிறகுதான் அவளால் அங்கே நிம்மதியாக இருக்க முடிந்தது. மறைக்கிறார்களோ என்கிற சந்தேகம்தான் ஆளை ஃபிளைட் ஏற்றும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் இவர் செருப்போடு நின்று அத்தனை தாளையும் கிழித்தார். அன்றைக்கே இரண்டு பக்கமும் ஒப்பந்தம் ஆயிற்று. எந்த மலை, யார் கூட, எத்தனை மணிக்கு இறங்குவாள்... வெள்ளிக்கிழமையே அவள் சொல்லிவிட வேண்டும். இங்கே இவர் பிரஷரை எழுதி அனுப்ப வேண்டும். இப்போது இவர் திருச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஸ்காட்லாந்து மழையைப் பார்த்து, "ரெயின்கோட் எடுத்துக்க" என்று மெசேஜ் போடுகிறார். டாக்டர் சொன்னபடி காலையில் நடக்கிறார். டிசம்பரில் ஜெனி வந்ததும், டாக்டர் சரியென்றால், மூன்று பேரும் மலைக்கோட்டை ஏறப்போகிறோம்.

"மேல என்னப்பா இருக்கு?" என்று கேட்டாள் மகள், குறும்பாக.

 "காத்து" என்றார் இவர்.

ஒப்பந்தப்படி இனி இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைப்பதில்லை. போன ஞாயிறு ஜெனியோடு பேசிக்கொண்டே மாடிப்படி ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் என் முழங்கால் கடக் கடக் என்றது. "என்னம்மா அது சத்தம்?" என்றாள்.

"ஏசிடி" என்றேன்.